விசைக்கு அடியில் ஒரு விரல்

சென்னகேசவனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர் கம்புகளைப் பிடுங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலையில், கோவில்பட்டி அச்சாபீஸ் சந்தில் இருந்த கம்ப்யூட்டர்களில் எல்லாம் கீபோர்டு விசைகளுக்கு அடியிலிருந்து ஒரு விரல் எழும்பி, மேலே அமுக்குகிறவர்களின் விரலை மெத்தென்று முட்டியது. முதலில் அதைக் கண்டுகொண்டது ஜெயக்கொடி அண்ணாச்சி கடையில் டைப் அடிக்கிற பேச்சிக்கனி. கல்யாணப் பத்திரிகை ஒன்றுக்குத் தாய்மாமன்மார் பெயர்களை அடித்துக்கொண்டிருந்தவள், ஸ்பிரிங் கோளாறு என்று நினைத்துக் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள்; ஹேர்பின் விழுந்தது, முறுக்குத் தூள் விழுந்தது, எந்தத் தீபாவளியிலோ தின்ற மிக்சர் விழுந்தது. நிமிர்த்தி வைத்து அமுக்கினால் மறுபடியும் விரல். எதிர்க்கடையில் கேட்டால் அங்கேயும் அப்படித்தான் என்றார்கள், அதற்கடுத்த கடையில் காலையிலிருந்தே அப்படித்தான், நாங்கள்தான் யாரிடமும் சொல்லவில்லை என்றார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது.

யாருடைய விரல் என்பதில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. சென்னகேசவனின் ஆள்காட்டி விரல் நுனியில், ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் கம்பி சுட்டுச் சுட்டு, புளியங்கொட்டை போல ஒரு காய்ப்பு உண்டு. அந்தச் சந்தில் அவர் கழற்றிப் பூட்டாத மெஷின் கிடையாது, அவர் கை படாத கடை கிடையாது. அதோடு, விரல் வந்த கம்ப்யூட்டர்களில் எல்லாம் ஓடியது 'தும்பை'. தும்பை என்றால் வேறொன்றுமில்லை, தமிழில் டைப் அடித்து, திருத்தி, அச்சுக்கு அனுப்புவதற்காக சென்னகேசவனும் அவர் சம்சாரம் குருவம்மாளும் சேர்ந்து எழுதிய புரோகிராம். பத்திரிகை, நோட்டீஸ், தீப்பெட்டி லேபிள், கண்ணீர் அஞ்சலி என்று அந்த ஊரில் அச்சாகிற தமிழ் எழுத்தெல்லாம் அதற்குள் பிறந்து வெளியே வந்ததுதான். கணக்கில் பட்டம் வாங்கிய குருவம்மாள் உள்வேலையைச் செய்தாள்: வரியை எங்கே மடக்குவது, நடுவில் ஒரு சொல்லைச் செருகினால் மற்றதை எப்படி நகர்த்துவது, தேடினால் எப்படிக் கண்டுபிடிப்பது. புரோகிராம் எங்கெங்கே மெஷினைத் தொடவேண்டுமோ அங்கெல்லாம் சென்னகேசவன் எழுதினார். கீபோர்டைத் தொடுவது அவர், திரையைத் தொடுவது அவர், பிரிண்டரைத் தொடுவதும் அவர்.

ஆள் அனுப்பிக் குருவம்மாளைக் கூட்டிவந்தார்கள். தாலி கழற்றிய கழுத்தோடு சந்துக்குள் வர அவளுக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் வந்தாள். பேச்சிக்கனி எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். குருவம்மாள் ஒரு விசையை அமுக்கினாள், எடுத்தாள், மறுபடி அமுக்கினாள், "அவுகதான்" என்றாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

அதற்கப்புறம் சந்து தன் பாட்டுக்கு அதைப் பழக்கிக்கொண்டது. முதல் தகராறு பேச்சிக்கனியின் அம்மாவிடமிருந்து வந்தது. கல்யாணம் ஆகாத பிள்ளை, பொழுதன்னைக்கும் ஒரு ஆம்பிளையின் விரலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நாளைக்குப் பெண் கேட்டு எவன் வருவான் என்று அந்தம்மா கடை வாசலில் நின்று சத்தம் போட்டாள். குருவம்மாள்தான் சமாதானம் சொன்னாள், அவர் வேலை பார்க்கிறார், அவ்வளவுதான், உயிரோடு இருக்கையிலேயே வேலையில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரியாத மனுஷன் என்று. அந்தம்மா அரைமனதாக, பழைய தாவணியைக் கிழித்து மகளுக்கு விரலுறை தைத்துக் கொடுத்தாள். உறை போட்டு அடித்ததில் மாப்பிள்ளை பெயரும் மாமனார் பெயரும் இடம் மாறி அச்சாகி, அந்தக் கல்யாண வீட்டார் கடைக்கு வந்து ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு உறையைக் கழற்றி எறிந்துவிட்டாள்.

அடுத்தது, செத்தவர் விரல் பட்ட பத்திரிகை கல்யாணத்துக்கு ஆகுமா என்ற கேள்வி. பெருமாள் கோயில் பட்டர் வந்து, வெற்றிலையை மென்றபடி இரண்டு விசையை அமுக்கிப் பார்த்தார். காரியம் முடிந்தாயிற்று, தீட்டுக் கழிந்தாயிற்று, இனி அவர் பித்ரு, பித்ருவின் கை பட்ட பத்திரிகையைவிட விசேஷம் ஏது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், விளாத்திகுளத்திலிருந்தும் கழுகுமலையிலிருந்தும் பத்திரிகை அடிக்க ஆள் வர ஆரம்பித்துவிட்டது. கீபோர்டின் மூலையில் மஞ்சள் தடவுவது வழக்கமானது. அமாவாசைக்கு அமாவாசை காக்காய்க்குச் சோறு வைத்து, அவரும் சற்று விரலை ஆற்றிக்கொள்ளட்டும் என்று எல்லாக் கடையிலும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். ஒரே ஆள் இத்தனை கடையிலும் ஒரே நேரத்தில் எப்படி என்று யாரோ கேட்டதற்கு, மின்சார வாரியத்து லயன்மேன், ஒரே கரண்டுதானேய்யா எல்லா வீட்டிலும் எரியுது என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துப் போனார். அதற்குமேல் அதைப்பற்றி யாரும் கேட்கவில்லை.

அந்த விரலுக்கு ஒரு குணம் உண்டு, சந்து முழுக்க அறிந்த குணம். அமுக்கினால் வரும், அமுக்கினவர் எடுக்கிறவரைக்கும் முட்டிக்கொண்டே நிற்கும், அது முதலில் விலகி ஒருத்தரும் பார்த்ததில்லை. மாரிக்கண்ணு கடையில் வேலை பார்த்த ஒருவன் சாப்பிட்ட மயக்கத்தில் கீபோர்டின் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிப்போய், முழித்துப் பார்த்தால் கன்னம் முழுக்க மேல்நோக்கிக் குத்தின குழிகள். பாவம், அவ்வளவு நேரமும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று எல்லோரும் அவனைத்தான் வைதார்கள்.

எல்லாம் சரி, குருவம்மாளுக்குத்தான் நெஞ்சு ஆறவில்லை. வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, அதிலும் தும்பை ஓடியது, அதிலும் விரல் வந்தது. ஆனால் மாரிக்கண்ணு கடையில் எப்படி வந்ததோ, ஜெயக்கொடி அண்ணாச்சி கடையில் எப்படி வந்ததோ, அதே மெத்து, அதே அழுத்தம், ஒரு மாற்றும் குறையாமல், ஒரு மாற்றும் கூடாமல் வந்தது. அவர் உயிரோடு இருந்த காலத்திலும் அப்படித்தான். எந்தக் கடையில் எந்த மெஷின் படுத்தாலும் ஓடுவார், கல்யாண நாள் என்றும் பார்க்கமாட்டார், காய்ச்சல் என்றும் பார்க்கமாட்டார். ஊருக்கே நல்லவரான ஒரு மனுஷனுக்கு வாக்கப்பட்டவள், அவருக்கு நான் யார், இந்த ஊரில் நானும் ஒருத்தியா, இல்லை அதற்குமேல் ஏதாவதா என்று ஒரு நாளாவது கேட்டுவிடவேண்டும் என்று நினைத்து, கேட்காமலே இருந்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் அவர் நினைவில்லாமல் கிடந்தபோது அந்தக் கேள்வியைத் தொண்டையில் வைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இப்போது கேட்கலாம் என்றால், விரலுக்கு வாய் இல்லை.

என்னென்னவோ செய்து பார்த்தாள். மெதுவாக அமுக்கினாள், கோபமாக அமுக்கினாள், அவர் மட்டும் கூப்பிடுகிற பெயரை எழுத்து எழுத்தாக அடித்தாள். ஒரு எழுத்துக்காவது கொஞ்சம் கூடுதலாக எழும்பக்கூடாதா? எழும்பவில்லை. ஒரு நாள் வெட்கத்தை விட்டு, "உனக்கு எப்படி எழும்புது, எனக்குச் செஞ்சு காட்டு" என்று பேச்சிக்கனியின் விரல் நுனியில் தன் விரலை வைத்து அமுக்கினாள். பேச்சிக்கனி அடியிலிருந்து முட்டிக் காட்டினாள். அதே மெத்து. வீட்டுக்கு வந்து, செத்தும் ஊருக்கு உழைக்கிற மனுஷனைத் திட்டித் தீர்த்துவிட்டு, சோற்றைப் போட்டுச் சாப்பிட்டாள். எப்படியும் ஒரு நாள் தெரிந்துகொண்டுவிடலாம், விரல் எங்கே போய்விடப் போகிறது என்று அவள் வருஷக்கணக்கில் இருந்துவிட்டாள்.

அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூட ஆரம்பித்தன. மதுரையில் தேடினாலும் உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. புதுசு வாங்கினால் அதில் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதில் தும்பை ஓடமாட்டேன் என்றது. வேறு புரோகிராம் வாங்கினால் இத்தனை வருஷம் அடித்துச் சேர்த்துவைத்த எதையும் அது திறக்காது. அச்சகக்காரர்கள் சங்கம் கூடி, குருவம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, புரோகிராமின் மூலப்பிரதி, அந்தச் சோர்ஸ் கோடு, உங்களிடம்தான் இருக்கிறது, புது சிஸ்டத்தில் ஓடுகிற மாதிரி நீங்கள்தான் மாற்றி எழுதித் தரவேண்டும் என்றார்கள். நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுகிற மாதிரிதானே என்றார் ஒருவர்.

குருவம்மாள் புது சிஸ்டத்தின் புத்தகத்தை வீட்டில் உட்கார்ந்து படித்தாள். முதல் அத்தியாயத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் சங்கத்துக்குப் போய்ச் சொன்னாள். பழைய சிஸ்டத்தில் புரோகிராம் தானே நேராகக் கையை நீட்டிக் கீபோர்டைத் தொடும், அது அவுக எழுதின பாகம். புது சிஸ்டம் எந்தப் புரோகிராமையும் கீபோர்டைத் தொட விடாது. விசையை அமுக்கினால் சிஸ்டம்தான் தொட்டு வாங்கிக்கொண்டு, இன்ன விசை அமுக்கியாயிற்று என்று புரோகிராமுக்குத் தகவல் மட்டும் அனுப்பும். தொடுவது என்பதே அங்கே கிடையாது. "நான் எழுதினது அப்படியே அங்க வந்துரும். அவுக எழுதினதுல ஒரு வரிக்குக்கூட அங்க இடமில்ல" என்றாள்.

தலைமுடியெல்லாம் நரைத்துப்போன ஜெயக்கொடி அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தங்கச்சி, செய்யாதேன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா இந்தச் சந்துல அடுப்பு எரியணும்லா. அவரு இருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு உனக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலியை விட்டு எழுந்து, செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள்.

உட்கார்ந்து எழுதினாள். அவளுடைய பாகம் ஒரு எழுத்து மாறாமல் புது மெஷினுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவருடைய பாகத்தை ஒவ்வொரு கோப்பாகத் திறந்தாள், படித்தாள், என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டாள், பக்கத்திலேயே புதிதாக எழுதினாள், மூடினாள். அவர் வைத்த பெயர்களையே வைத்தாள். தேவையில்லாத இடத்திலும் அவர் எழுதின வரிசை மாறாமல் எழுதினாள், அவர் தடம் இருந்தால் அவர் வருவாரோ என்று ஒரு நப்பாசை. கீபோர்டுப் பாகத்தைக் கடைசிக்கு ஒதுக்கினாள். அதில் ஓர் இடத்தில், விசை மேலே எழும்புகிறவரை காத்திரு என்று இருந்தது. அதற்கு மேல் எத்தனை நேரம் என்று இல்லை, பொறுமை போனால் என்ன செய்வது என்று இல்லை, விட்டுவிடு என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. தேடு தேடு என்று தேடிப் பார்த்தாள். மனுஷன் விடுவதற்கு வழியே எழுதவில்லை.

சந்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கோயிலைப் புதுப்பிக்கிறபோது சாமியைக் கும்பத்தில் இறக்கி வேறு இடத்தில் வைக்கிறோம்தானே, சாமிக்கே ஆகும்போது சென்னகேசவனுக்கு ஆகாதா என்று யோசனை கிளம்பியது. பட்டர் முதலில் முடியாது என்றார், பிறகு பேச்சிக்கனியின் அம்மா காலில் விழாத குறையாகக் கேட்டதும் ஒத்துக்கொண்டார். விரலுறை தைத்துக் கொடுத்தாளே, அதே அம்மாதான். ஒரு நல்ல நாளில் ஜெயக்கொடி அண்ணாச்சி கடைப் பழைய கீபோர்டிலிருந்து தர்ப்பைக் கயிறு கட்டிக் கும்பத்துக்கு இழுத்து, மந்திரம் சொல்லி, கும்பத்தைக் குடை பிடித்து மேளத்தோடு சந்தைச் சுற்றிக் கொண்டுவந்து, புது கம்ப்யூட்டருக்கு முன்னால் வைத்து, மாவிலையால் தெளித்தார்கள். தெளித்த வேகத்தில் புதுக் கீபோர்டு தண்ணீர் குடித்துச் செத்துப்போனது. வேறொன்று வாங்கிவந்து மாட்டி, குருவம்மாளையே அமுக்கச் சொன்னார்கள். அவள் ஒரு விசையை அமுக்கினாள். திரையில் எழுத்து வந்தது, அழகாக, வெளிச்சமாக, கண்ணிமைக்கிற நேரத்தில் வந்தது. விசைக்கு அடியில் காற்றுதான் இருந்தது.

"எழுத்து வருது" என்றாள் குருவம்மாள். "வேலை முடிஞ்சது."

இரண்டு மூன்று நாள் சந்து துக்கம் காத்தது. விரல் வலிக்கிறது என்று டைப் அடிக்கிற பெண்கள் சொன்னார்கள். அப்புறம் பழகிவிட்டது, வந்ததைப் பழக்கிக்கொண்டது போலவே போனதையும் சந்து பழக்கிக்கொண்டது. புதுசு என்ன வேகம், என்ன வண்ணம், பழசில் இதெல்லாம் உண்டா என்று பேச ஆரம்பித்தார்கள். பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியோடு வந்தார். ஒவ்வொரு கடைக்காரரும் தன் கம்ப்யூட்டரைக் கடைசியாக ஒரு முறை போட்டு, வாய்க்கரிசி போடுகிற மாதிரி வீட்டாரோடு வரிசையில் நின்று ஆளுக்கொரு விசையை அமுக்கிவிட்டு, அணைத்து, வண்டியில் ஏற்றினார்கள். இதற்குள் கல்யாணமாகியிருந்த பேச்சிக்கனி தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து அவளையும் அமுக்கவைத்தாள். எல்லோருக்கும் விரல் வந்தது, எல்லோரும் எடுக்கிறவரை நின்றது.

கடைசியில் குருவம்மாள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றுதான் மிச்சம். அதுவும் ஒரு காலையில் கருகின வாடை அடித்தது. ரிப்பேர்க்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே பவர் சப்ளை வெந்துகொண்டிருக்கிறது, இன்றைக்குப் பொழுதுக்குள் போய்விடும், அணைத்தால் திரும்ப எழாது, அணைக்காமல் விட்டால் வீடே பற்றினாலும் பற்றும் என்றார். நீங்கள் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டுக் குருவம்மாள் அதன் முன்னால் உட்கார்ந்தாள். எந்த விசை என்றுகூடப் பார்க்கவில்லை, கைக்கு வந்ததை அமுக்கினாள். விரல் வந்து முட்டியது. அவள் எடுக்கவில்லை.

எடுத்தால்தானே போவார்! அவர் எழுதின வரி அவளுக்கு மனப்பாடம். அவள் எடுக்கிறவரை அவர் நிற்கவேண்டும். இருக்கிற நேரம் முழுக்க நிற்கட்டும், எந்தக் கடைக்கும் ஓடாமல், வேறு ஒரு ஆளுக்கும் பதில் சொல்லாமல், என் ஒருத்தி விரலுக்கு அடியில் நிற்கட்டும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் தெரிந்து சந்து வந்துவிட்டது. வாசலில் நின்றார்கள், ஜன்னலில் நின்றார்கள். பேச்சிக்கனி தயிர்சாதம் பிசைந்து வந்து ஊட்டிவிட்டாள். பேச்சிக்கனியின் அம்மா விசிறினாள். லயன்மேன் வந்து, நம்ம பக்கம் இன்றைக்குக் கரண்டு போகாது என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். ஜெயக்கொடி அண்ணாச்சி ஒரு வாளி மணலைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பெட்டியின் பின்பக்கம் லேசாகப் புகைய ஆரம்பித்தது. போதும் தங்கச்சி, எழுந்திரு என்று அவர் ஒரு தடவை சொன்னார். அவள் தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். புகை கூடியது, கண் எரிந்தது. பேச்சிக்கனி அழுதாள், அக்கா எந்திரிங்க என்று தோளைப் பிடித்து இழுத்தாள். குருவம்மாளின் விரல் நகம் வெளுத்தது, ஆனாலும் எடுக்கவில்லை.

அப்போது விரல் விலகியது.

கம்ப்யூட்டர் அணையவில்லை. கரண்டு போகவில்லை. திரையில் தும்பை ஓடிக்கொண்டுதான் இருந்தது. குருவம்மாளின் விரல் விசையின் மேல் அமுக்கியபடியேதான் இருந்தது. ஆனால் அடியில் இருந்த விரல் ஒரு தடவை, அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, அவள் விரல் நுனியை நன்றாக அமுக்கிவிட்டு, மெல்ல, மிக மெல்லப் பின்வாங்கி, இல்லாமல் போனது.

குருவம்மாள் கையை எடுத்தாள். எழுந்துபோய் அவளே சுவிட்சை அணைத்தாள். வயரைப் பிடுங்கினாள். ஜெயக்கொடி அண்ணாச்சி மணலைக் கொட்டினார். பேச்சிக்கனி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என்னாச்சுக்கா, என்னாச்சு என்று கேட்டாள்.

"விட்டுட்டாக" என்றாள் குருவம்மாள். "நான் எடுக்கல. அவுகளாத்தான் விட்டாக. அப்படி ஒரு வரி அதுல கிடையாது பேச்சி, நான் தேடிப் பாத்துட்டேன், யாருக்கும் அப்படி விட்டதில்ல. எனக்குத்தான் விட்டிருக்காக. நான்தான்னு தெரிஞ்சிருக்கு."

அதைச் சொல்லிவிட்டு அவள் புகை மண்டிய அந்த வீட்டில், சந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தரையில் உட்கார்ந்து, புருஷனை அன்றைக்குத்தான் பறிகொடுத்தவளாகத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.